பூட்டு மிதிக்கட்டை

பூட்டு மிதிக்கட்டை என்பது மிதிவண்டி ஓட்டுபவரின் காலணியை மிதிக்கட்டையுடன் (பெடல்) பிணைத்து வைக்கும் ஒரு வகை மிதிக்கட்டை ஆகும். ஆங்கில வழக்கில் இது கிளிப்லெஸ் பெடல் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இதனைப் பயன்படுத்துவோர் கிளீட் பெடல் என்றும் கூறுவர். காலணியின் அடியில் திருகப்பட்ட சிறு தகடு, மிதிக்கட்டையில் உள்ள வில்விசைப் பூட்டில் மாட்டிக்கொள்ளும். குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் பூட்டு விடுபடும்.

பந்தய மிதிவண்டிகள், மலை மிதிவண்டிகள், நெடுந்தொலைவுப் பயண மிதிவண்டிகள் ஆகியவற்றில் இவ்வகை மிதிக்கட்டை மிகுதியாகப் பயன்படுகிறது. இதனைக் கொண்டு ஓட்டுவது எளிது, நிற்பதே கடினம். வண்டி நிற்கும்போது காலை நேராகத் தூக்கித் தரையில் ஊன்றும் சிறுவயதுப் பழக்கம் இங்கு உதவாது. ஆகவே மிதிவண்டியை நன்கு ஓட்டத் தெரிந்தவரும் இதற்கெனத் தனியாகப் பழக வேண்டியுள்ளது.

பழகும் முறையை விளக்க, விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட வட்டாரம் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. சுமார் 11 கி.மீ. இடைவெளியில் உள்ள இவ்விரு ஊர்களைச் சுற்றிச் சமவெளிச் சாலை, மலையடிவாரச் சாலை, நெரிசல் மிக்க நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் அமைந்துள்ளன.

பெயர்க் காரணம்

கிளிப்லெஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கிளிப் இல்லாதது என்பது பொருள். காலைப் பூட்டி வைக்கும் ஒன்றுக்கு இப்பெயர் பொருந்தாததுபோல் தோன்றும். இதற்கு முன் பந்தய வீரர்கள், கால்விரல்களை உள்ளே நுழைத்துக்கொள்ளும் உலோகக் கூடு ஒன்றினைத் தோல் வாருடன் பயன்படுத்தினர். அக்கூட்டின் பெயர் டோ கிளிப் என்பதாகும். அக்கூடு இல்லாமலேயே காலைப் பிடித்து வைப்பதால் புதிய அமைப்பு கிளிப் இல்லாதது எனப் பெயர் பெற்றது. தமிழில் அதன் செயலைக் கொண்டு பூட்டு மிதிக்கட்டை என்று குறிப்பிடுவது பொருளை எளிதில் உணர்த்தும்.

வரலாறு

காலணியை மிதிக்கட்டையுடன் பூட்டும் எண்ணம் பழமையானது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹேன்சன் 1895ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்பு ஒன்றினை உருவாக்கினார். காலைத் திருப்பினால் பூட்டவும் கழற்றவும் கூடியதாக அது இருந்தது. எனினும் அது பரவலாகவில்லை. பந்தய வீரர்கள் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு விரற்கூட்டையும் தோல் வாரையுமே நம்பியிருந்தனர். வாரை இறுக்கிக் கட்டினால் கால் நழுவாது. ஆனால் நிற்பதற்கு முன் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் எம்-71 என்ற பூட்டு மிதிக்கட்டையை வெளியிட்டது. இதில் காலை விடுவிக்கக் கையால் ஒரு நெம்புகோலை நகர்த்த வேண்டும். விழும் வேளையில் காலை விடுவிக்க இயலாததால் ஓட்டுநர்கள் இதற்கு மரணப் பூட்டு என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்தனர்.

பிரான்சு நாட்டின் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் காலணிகளைப் பலகையுடன் பிணைக்கும் பூட்டுகளைத் தயாரித்து வந்தது. சறுக்குபவர் விழுந்தால் கால் முறியாமல் இருக்கப் பூட்டு தானே விடுபட வேண்டும் என்பது அத்தொழிலின் அடிப்படைத் தேவையாகும். இதே கொள்கையை மிதிவண்டிக்குப் பயன்படுத்தி 1984ஆம் ஆண்டில் அந்நிறுவனம் புதிய மிதிக்கட்டையை அறிமுகப்படுத்தியது. 1985ஆம் ஆண்டு டூர் டி பிரான்சு போட்டியில் பெர்னார் இனோ இதனைப் பயன்படுத்தி வெற்றி பெற்றார். அதன் பின்னர் விரற்கூடு பந்தயங்களிலிருந்து படிப்படியாக மறைந்தது.

ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990ஆம் ஆண்டில் எஸ்.பி.டி. என்னும் அமைப்பை மலை மிதிவண்டிகளுக்காக வெளியிட்டது. இதில் பூட்டுத்தகடு சிறியது. காலணியின் அடிப்பகுதிக்குள் பதிந்திருக்கும். ஆகவே வண்டியை விட்டு இறங்கி இயல்பாக நடக்க முடிந்தது. பந்தய வீரர் அல்லாத பொது ஓட்டுநர்களிடமும் பூட்டு மிதிக்கட்டை பரவுவதற்கு இது காரணமாயிற்று.

அமைப்பும் செயற்பாடும்

இவ்வமைப்பில் மூன்று உறுப்புகள் உள்ளன.

* காலணி: அடிப்பகுதி வளையாத கடினமான பொருளால் ஆனது. பூட்டுத்தகட்டைத் திருகுவதற்கான துளைகள் அதில் இருக்கும்.
* பூட்டுத்தகடு: கிளீட் எனப்படும். உலோகத்தாலோ நெகிழியாலோ செய்யப்படும்.
* மிதிக்கட்டை: முன்புறம் நிலையான கொக்கியும் பின்புறம் வில்விசையால் இயங்கும் கொக்கியும் கொண்டது.

தகட்டின் முன்முனையை முன்கொக்கியில் செருகிப் பாதத்தை அழுத்தினால் பின்கொக்கி விலகி, பின்னர் மூடிக்கொள்ளும். அப்போது கிளிக் என்ற ஒலி கேட்கும். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பும்போது தகட்டின் விளிம்பு பின்கொக்கியைத் தள்ளித் திறக்கும். மேல்நோக்கி இழுத்தால் பூட்டு திறவாது. ஓட்டும்போது கால் தவறிக் கழன்றுவிடாமல் இருப்பதற்காகவே இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. பழகாதவர் விழுவதற்கும் இதுவே காரணம்.

இறுக்கம்: பெரும்பாலான மிதிக்கட்டைகளில் வில்விசையின் இறுக்கத்தை அறுகோணச் சாவியால் (ஆலன் கீ) கூட்டவோ குறைக்கவோ முடியும். பழகுபவர் இதனை மிகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம்: பூட்டிய நிலையிலும் பாதம் சில பாகை அளவு இடமும் வலமும் அசையலாம். ஷிமானோவின் பந்தயச் சாலைத் தகடுகளில் மஞ்சள் நிறத் தகடு 6 பாகையும், நீல நிறத் தகடு 2 பாகையும் அசையும். சிவப்பு நிறத் தகடு அசையாது. லுக் நிறுவனத்தின் கியோ வகையில் சிவப்பு 9 பாகையும், சாம்பல் நிறம் 4.5 பாகையும் அசைவன, கறுப்பு அசையாதது. ஒரு நிறுவனத்தில் மிகுந்த ஆட்டத்தைக் குறிக்கும் சிவப்பு, மற்றொன்றில் ஆட்டமின்மையைக் குறிப்பதால் வாங்கும்போது கவனம் தேவை. ஆட்டம் இல்லாத தகட்டைக் கோணலாகப் பொருத்தினால் முழங்கால் வலி ஏற்படலாம்.

வகைகள்

காலணியில் உள்ள துளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு இவை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

மூன்று திருகு வகை: அகன்ற நெகிழித் தகடு கொண்டது, சாலைப் பந்தயங்களுக்கு ஏற்றது. தகடு காலணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நடப்பது கடினம். வழவழப்பான தரையில் வழுக்கும். கற்கள் மீது நடந்தால் விரைவில் தேயும். பொதுவாக மிதிக்கட்டையின் ஒரு பக்கத்தில் மட்டுமே பூட்ட முடியும்.

இரு திருகு வகை: சிறிய உலோகத் தகடு கொண்டது. எஸ்.பி.டி. அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. மிதிக்கட்டையின் இரு பக்கங்களிலும் பூட்டக்கூடியவையும், ஒரு பக்கம் பூட்டும் மறுபக்கம் சாதாரணத் தட்டையும் உடையவையும் கிடைக்கின்றன. கிராங்க்பிரதர்ஸ் நிறுவனத்தின் எக்பீட்டர் என்ற மிதிக்கட்டையில் நான்கு பக்கமும் பூட்டலாம். சேறு எளிதில் உதிர்ந்துவிடும்.

ஷிமானோவின் இரு திருகுத் தகடுகளிலும் இரு பிரிவுகள் உண்டு. எஸ்.எச்.51 என்ற தகடு பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடுபடும். எஸ்.எச்.56 என்ற தகடு பல திசைகளிலும் விடுபடும். அச்சத்தில் காலை மேல்நோக்கி வெடுக்கென இழுத்தாலும் பெரும்பாலும் கழன்றுவிடும். தொடக்க நிலையினருக்கு இரண்டாவது தகடும், ஒரு பக்கம் தட்டையான மிதிக்கட்டையும் ஏற்றவை.

பயன் பற்றிய கருத்துகள்

மிதிக்கட்டையைக் கீழே அழுத்துவதோடு மேலே இழுக்கவும் முடிவதால் விரைவு பெருகும் என்பது நீண்டகாலமாகக் கூறப்பட்டு வரும் கருத்தாகும். 2007ஆம் ஆண்டில் கோர்ஃப் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், சீரான முயற்சியில் ஓட்டும்போது வேண்டுமென்றே மேல்நோக்கி இழுத்து மிதிப்பது உடலின் ஆற்றல் திறனைக் குறைத்தது கண்டறியப்பட்டது. ஆகவே சாதாரணப் பயணத்தில் இழுத்து மிதிப்பதால் பெரும் பயன் விளைவதாகக் கொள்ள இயலாது.

உறுதியான நன்மைகள் வேறு. மேடு பள்ளங்களில் குலுங்கும்போதும், எழுந்து நின்று மிதிக்கும்போதும், மழையில் நனைந்தபோதும் கால் மிதிக்கட்டையிலிருந்து நழுவுவதில்லை. பாதம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமைகிறது. நெடுந்தொலைவு ஓட்டத்தில் இவை பயன்படும். ஆடாக்ஸ் இந்தியா நடத்தும் பிரவே என்னும் ஓட்டங்களில் 200 கி.மீ. தொலைவை 13 மணி 30 நிமிடத்துக்குள்ளும், 600 கி.மீ. தொலைவை 40 மணி நேரத்துக்குள்ளும் கடக்க வேண்டும். இத்தகைய ஓட்டங்களில் பங்கேற்போர் பலர் பூட்டு மிதிக்கட்டையை விரும்புகின்றனர். ஆயினும் அது கட்டாயமன்று.

தமிழ்நாட்டில் மிதிவண்டி பழகும் மரபு

தமிழ்நாட்டில் சிறுவர்கள் பெரியவர்களின் மிதிவண்டியிலேயே பழகி வந்தனர். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் ஊர்தோறும் இருந்தன. இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாத சிறுவன், வண்டியின் குறுக்குக் கம்பிக்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, வண்டியின் பக்கவாட்டில் நின்றவாறு அரைச்சுற்றாக மிதிப்பான். இது குரங்குப் பெடல் எனப்படும். ராசி அழகப்பனின் சைக்கிள் என்ற சிறுகதையைத் தழுவிக் கமலக்கண்ணன் இயக்கிய திரைப்படம் ஒன்று 2024ஆம் ஆண்டில் இப்பெயரிலேயே வெளிவந்தது.

குரங்குப் பெடலில் வண்டி சாய்ந்தால் சிறுவன் உடனே தரையில் குதித்துவிடலாம். கால் எப்போதும் விடுபட்ட நிலையிலேயே இருக்கும். இவ்வாறு சிறுவயதில் உடலில் பதியும் முதற்பாடம், வண்டி சாய்ந்தால் காலை ஊன்று என்பதாகும். பூட்டு மிதிக்கட்டை பழகுபவர் இப்பாடத்துடன் முதலில் ஒரு செயலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: காலைத் திருப்பு, பின் ஊன்று.

வளர்ந்தவர் மிதிவண்டி பழகுவதில் உடற்காயத்தைவிடப் பிறர் முன்னிலையில் விழும் நாணமே பெரிய தடையாக இருப்பதுண்டு. அறிவொளி இயக்கத்தின்போது, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். பலர் கூடிப் பழகியதால் விழுவது எவருக்கும் தனிப்பட்ட இழுக்காகத் தோன்றவில்லை. பூட்டு மிதிக்கட்டையையும் ஓரிருவர் துணையுடன் பழகுவது இக்காரணத்தால் நன்று. துணைக்கு இருப்பவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளவும் உதவுவார்.

பழகும் முறை

கீழ்க்காணும் படிகளை வரிசையாகப் பின்பற்றுவது வழக்கம். ஒரு படி தானாக வரும்வரை அடுத்த படிக்குச் செல்லாதிருத்தல் நன்று.

1. தகட்டைப் பொருத்துதல்: பெருவிரல் எலும்பு பாதத்துடன் சேரும் புடைத்த பகுதிக்கு நேர் கீழேயோ, சற்றுப் பின்னாகவோ தகடு அமைய வேண்டும். இரு காலணிகளிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். திருகுகளை நன்கு முடுக்க வேண்டும். ஒரு திருகு கழன்றால் காலணி திரும்பும், ஆனால் தகடு திரும்பாது, பூட்டு விடுபடாது.

2. நின்ற இடத்தில் பழகுதல்: சுவரைப் பிடித்துக்கொண்டோ, துணைவர் வண்டியைப் பிடித்திருக்கவோ, இருக்கையில் அமர வேண்டும். ஒவ்வொரு காலையும் குறைந்தது 30 முறை பூட்டிக் கழற்ற வேண்டும். பின்னர் மிதிக்கட்டையைப் பாராமல் அதனையே செய்ய வேண்டும்.

3. ஊன்றும் காலைத் தெரிவு செய்தல்: எப்போதும் ஒரே காலை ஊன்றுவது என முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் சாலையின் இடப்புறம் செல்வதால் இடக்காலை ஊன்றுவது முறை. வண்டியில் ஏறுவதும் பெரும்பாலும் இடப்புறத்திலிருந்தே ஆகும்.

4. ஒற்றைக்கால் ஓட்டம்: ஆளில்லாத திடலில் வலக்காலை மட்டும் பூட்டி, இடக்காலைத் தட்டைப் பக்கத்தின் மீது வைத்து ஓட்ட வேண்டும். தொடங்குதல், நிற்றல் ஆகியவற்றைப் பலமுறை செய்ய வேண்டும்.

5. இரு கால்களையும் பூட்டுதல்: வலக்கால் பூட்டிய நிலையில் மிதித்து வண்டியை நகர்த்தி, நிலைப்பட்ட பின் இடக்காலைப் பூட்ட வேண்டும். உடனே பூட்டவில்லை எனில் குனிந்து பார்க்கலாகாது. நடுப்பாதத்தால் சில சுற்றுகள் மிதித்து மீண்டும் முயலலாம்.

6. நிற்றல்: நிற்க வேண்டிய இடத்துக்குப் பல மீட்டர் முன்னதாக, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இடக்காலைக் கழற்ற வேண்டும். அதன் பின்னரே பிரேக்கை முழுமையாகப் பிடிக்க வேண்டும். இறுதியில் உடலின் எடையை இடப்புறம் சாய்த்து ஊன்ற வேண்டும்.

7. திடீரென நிற்றல்: துணைவர் எதிர்பாராத நேரத்தில் குரல் கொடுக்க, உடனே கழற்றி நிற்கப் பழக வேண்டும். இது இயல்பாக வரும்வரை போக்குவரத்து மிக்க சாலைக்குச் செல்லலாகாது.

8. ஏற்றத்தில் தொடங்குதல்: நிற்பதற்கு முன்னரே எளிய பல்சக்கர நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கடினமான நிலையில் ஏற்றத்தில் கிளம்பினால், இரண்டாவது காலைப் பூட்டும் முன்னரே வண்டி நின்றுவிடும்.

விழுதல்

பழகுவோர் பலர் ஓரிரு முறையேனும் விழுவர். பெரும்பாலான விழுகைகள் விரைவாகச் செல்லும்போது நிகழ்வன அல்ல. வண்டி முற்றிலும் நின்ற நிலையில் நிகழ்வன. அவற்றின் காரணங்கள் மூன்று.

* மறதி: பூட்டியிருப்பதை மறந்து காலை நேராக இழுத்தல்.
* தாமதம்: வண்டி நின்ற பின் கழற்ற முயலுதல். சமநிலை இழந்த பின் குதிகாலைத் திருப்புவது கடினம்.
* எதிர்ப்புறச் சாய்வு: இடக்காலைக் கழற்றியும், உடலின் எடை வலப்புறம் இருத்தல்.

இவற்றுள் மூன்றாவதே மிகவும் ஆபத்தானது. இடப்புறம் விழுபவர் சாலையோரத்தில் விழுகிறார். பெரும்பாலும் சிராய்ப்புடன் தப்பலாம். வலப்புறம் விழுபவர் பின்னால் வரும் ஊர்திகளின் பாதையில் விழுகிறார். அவரது வலக்காலும் பூட்டியபடியே இருக்கும். காலைக் கழற்றுவதுடன் கழற்றிய பக்கம் சாய்வதையும் சேர்த்தே பழக வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

விழும்போது கையை நீட்டித் தரையில் ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ முறியலாம். கைப்பிடியை விடாமல் பிடித்தபடி, தோளும் இடுப்பும் தொடையும் சேர்ந்து தரையில் படுமாறு விழுவது காயத்தைக் குறைக்கும். தலைக்கவசமும் கையுறையும் அணிவது அவசியம்.

இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

இவ்விரு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளன. கொல்லத்திலிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாகத் திருமங்கலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 இவ்விரு ஊர்களின் வழியே செல்கிறது. இது முன்னர் 208 என எண்ணிடப்பட்டிருந்தது. விருதுநகர் – செங்கோட்டை இருப்புப்பாதையும் இவ்வழியே செல்கிறது.

நெடுஞ்சாலை: கேரளத்துக்குச் செல்லும் சரக்குந்துகளும் பேருந்துகளும் மிகுந்த சாலை. பேருந்து நிறுத்தங்களில் பேருந்து திடீரென இடப்புறம் ஒதுங்கும்போது மிதிவண்டி ஓட்டுநரும் நிற்க நேரிடும். பழகும் காலத்தில் இச்சாலையைத் தவிர்க்க வேண்டும். பழகிய பின்னரும் ஊர் எல்லைக்குள் நுழையும்போது இடக்காலைக் கழற்றித் தட்டைப் பக்கத்தில் வைத்து ஓட்டுவது பாதுகாப்பானது.

சாலை விளிம்பு: மீண்டும் மீண்டும் தார் போடப்பட்ட சாலைகளின் விளிம்பு, பக்கத்து மண்தரையைவிட உயர்ந்திருக்கும். தார் விளிம்பில் வண்டி நிற்க, இடக்காலை மண்தரையில் ஊன்ற முயன்றால் கால் எட்டாது. சரியாகக் கழற்றியவரும் இவ்வாறு விழக்கூடும். தாரின் மீதே கால் படுமாறு உள்தள்ளி நிற்க வேண்டும். அல்லது வண்டியுடன் முழுவதும் மண்தரைக்கு இறங்கிவிட வேண்டும்.

மலையடிவாரச் சாலைகள்: இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவியை நோக்கியும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பை நோக்கியும் செல்லும் சாலைகளில் ஊர்திகள் குறைவு. மலையை நோக்கி மெல்ல உயர்ந்து செல்வதால் ஏற்றத்தில் தொடங்கப் பழகுவதற்கு ஏற்றவை. மலைப்பகுதி 1988ஆம் ஆண்டு முதல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்து, 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியுள்ளது. எனவே வன எல்லைக்கு முன்னரே திரும்பிவிட வேண்டும். அதற்கு அப்பால் செல்வது வனத்துறையின் அனுமதிக்கு உட்பட்டது.

கரிசல் மண்: இவ்வட்டாரத்தின் கிழக்குப் பகுதியில் கரிசல் நிலம் மிகுதி. வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய அக்டோபர் முதல் திசம்பர் வரை, ஈரக் கரிசல் மண் காலணியின் அடியில் அப்பிக்கொள்ளும். பூட்டுத்தகடு மண்ணால் நிரம்பினால் பூட்டு விழாது. அரைகுறையாக விழுந்தால் எளிதில் விடுபடாது. மண்தரையில் இறங்கி நடந்த பின், மீண்டும் ஏறுமுன் ஒரு குச்சியால் தகட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

காற்று: சூன் முதல் ஆகத்து வரை மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்மேற்காக இராஜபாளையம் செல்வோருக்கு இது எதிர்க்காற்று, திரும்புவோருக்குப் பின்காற்று. பின்காற்றில் விரைவு கூடுவது எளிதில் தெரியாது. நிற்கும் தொலைவும் நீளும். ஆகவே வழக்கத்தைவிட முன்னதாகவே காலைக் கழற்ற வேண்டும்.

பிற தடைகள்: அறுவடைக் காலத்தில் சிற்றூர்ச் சாலைகளில் தானியத்தையும் தட்டையையும் உலர்த்துவதும், ஊர்திகள் ஏறிச் செல்லுமாறு பரப்புவதும் உண்டு. இவற்றின் மீது சக்கரம் வழுக்கும். ஆட்டு மந்தைகள், வண்ணம் பூசப்படாத வேகத்தடைகள், துரத்தி வரும் நாய்கள் ஆகியனவும் திடீரென நிற்கச் செய்வன. இவற்றில் எதையேனும் தொலைவில் கண்டால் முதற்செயல் பிரேக்கைப் பிடிப்பதன்று, இடக்காலைக் கழற்றுவதே ஆகும். ஆடிப்பூரத் தேரோட்டம் போன்ற விழா நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் வீதிகளில் வண்டியைத் தள்ளிச் செல்வதே முறை.

இறங்கி நடக்க வேண்டிய தேவை இவ்வட்டாரச் சாலைகளில் அடிக்கடி நேர்வதால், மூன்று திருகு வகையைவிட இரு திருகு வகையே இங்கு ஏற்றதாகும்.

பராமரிப்பு

பூட்டுத்தகட்டின் திருகுகளை அவ்வப்போது முடுக்கிப் பார்க்க வேண்டும். தேய்ந்த தகடு தானாகக் கழலும், அல்லது சிக்கிக்கொள்ளும். மிதிக்கட்டையின் கொக்கிகளில் படியும் மணலைத் துடைத்து, வில்விசைக்குச் சிறிது எண்ணெய் இட வேண்டும். காலணியின் அடியில் எண்ணெய் படலாகாது.

மிதிக்கட்டையை மாற்றும்போது, இடப்புற மிதிக்கட்டையின் மரை எதிர்த்திசையில் அமைந்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். மிதிக்கும்போது அது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க இவ்வாறு செய்யப்பட்டுள்ளது. இடப்புற மிதிக்கட்டையைக் கழற்ற வலஞ்சுழியாகவும், வலப்புற மிதிக்கட்டையைக் கழற்ற இடஞ்சுழியாகவும் திருக வேண்டும்.

யாருக்குத் தேவை

பள்ளிக்கும் கடைக்கும் வயலுக்கும் செல்லும் அன்றாடப் பயணத்துக்குப் பூட்டு மிதிக்கட்டை தேவையில்லை. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் உள்ள தட்டை மிதிக்கட்டை அத்தகைய பயன்பாட்டுக்கு முற்றிலும் ஏற்றது. அடிக்கடி நின்று செல்ல வேண்டிய தெருக்களில் தட்டை மிதிக்கட்டையே பாதுகாப்பானதும் ஆகும்.

நெடுந்தொலைவு ஓட்டம், பந்தயம், மலைப்பாதை ஓட்டம் ஆகியவற்றில் ஈடுபட விரும்புவோர் இதனைப் பழகலாம். அவர்கள் காலணிக்கும் மிதிக்கட்டைக்கும் செலவிடும் பணத்தைவிட, ஆளில்லாத திடலில் நின்று நின்று பழகச் செலவிடும் நாட்களே பாதுகாப்பைத் தரும். எண்ணிப் பாராமலேயே குதிகால் திரும்பும் நிலை வந்த பின்னரே ஒருவர் பூட்டு மிதிக்கட்டையுடன் நெடுஞ்சாலைக்குச் செல்லத் தகுதி பெறுகிறார்.

இவற்றையும் பார்க்க

* மிதிவண்டி
* குரங்குப் பெடல்
* அறிவொளி இயக்கம்
* டூர் டி பிரான்சு
* இராஜபாளையம்
* ஸ்ரீவில்லிபுத்தூர்